எந்த மண்ணில் நம் மவுத்?

புகழனைத்தும் ஹயாத்தையும் மவுத்தையும் படைத்த அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். அந்த மலைதான் ஊருக்குச் சோறு போடுகிறது. விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏலத் தோட்டங்களுக்குப் போகும் ஆண்களும் பெண்களும் மாலையில் இறங்கி வருகிறார்கள். அங்கே விளையும் காய் இங்கே ஏலத்திற்கு வருகிறது. போனவர் திரும்புவார் என்ற நம்பிக்கையில்தான் உலை வைக்கப்படுகிறது. இந்த நம்பிக்கை நல்லதே. ஆனால் இதற்கு உத்தரவாதம் தரக்கூடியவர் யாருமில்லை என்பதை இம்மலைச் சரிவு நமக்கு ஒருமுறை கடுமையாக உணர்த்தியது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடியிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குரங்கணிக்கு மேலே, கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் அவர்கள். பெரும்பாலோர் இளம் வயதினர், பெண்கள் அதிகம். மார்ச் மாதத்தில் அச்சரிவுப் புல் காய்ந்து சருகாகி நிற்கும். தீ பள்ளத்தில் பரவுவதைவிட மேட்டை நோக்கி விரைவாக ஏறும். அதன் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடும். காற்றும் சேர்ந்தால் மனிதன் ஓடி வெல்ல முடியாது. 9 பேர் மலையிலேயே மாண்டனர். உள்ளூர் மக்கள் முதலில் ஏறி, காயமுற்றோரைத் தூக்கி வந்தனர். மறுநாள் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அதன் பிறகு தேனி, மதுரை, சென்னை மருத்துவமனைகளில் நாட்கணக்காக, வாரக்கணக்காக ஒவ்வொருவராய் உயிர் பிரிந்து, இறந்தோர் எண்ணிக்கை 20ஐக் கடந்தது. நாடே துயருற்றது.

ஆண்டுகள் பல ஓடிவிட்டன. செய்தி பழையதாகிவிட்டது. ஆனால் அதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் பழையதாகவில்லை. அதைத்தான் இம்மாதம் சிந்திக்க விரும்புகிறோம்.

சென்றவர்களும் இருந்தவர்களும்

அந்நாட்களில் பலர் வாயிலும் வந்த பேச்சு, “வீட்டிலேயே இருந்திருக்கலாமே” என்பதுதான். பெற்ற வயிறு பற்றியெரியும்போது இப்படிச் சொல்வது இயல்பு. ஆனால் வீடு மவுத்தைத் தடுக்கும் கோட்டையா?

அதே மலைத் தொடரின் மறுபக்கத்தில், மூணாறு இராஜமலையை அடுத்த பெட்டிமுடி இருக்கிறது. 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தத்தம் லயங்களில் உறங்கிக்கொண்டிருந்தனர். எங்கும் பயணம் போனவர்கள் அல்லர். பகல் முழுதும் உழைத்துக் களைத்துக் கதவைத் தாழிட்டுப் படுத்தவர்கள். பெருமழையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போனதால் வெளியுலகிற்கு விடிந்த பிறகே செய்தி எட்டியது. 70 பேர் பறிபோயினர். அவர்களில் 4 பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் பிழைப்புக்காக மலையேறிய குடும்பத்தினர்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்திலிருந்து லண்டன் புறப்பட்ட விமானம் சில நொடிகளில் விழுந்தது. அதிலிருந்த 242 பேரில் ஒரே ஒருவர் உயிருடன் எழுந்து நடந்து வந்தார். விமானம் விழுந்த இடமோ ஒரு மருத்துவக் கல்லூரி விடுதி. அங்கே பகலுணவுக்கு உட்கார்ந்திருந்த மாணவர்களும் இறந்தனர். வானத்தில் பறந்தவர் ஒருவர் பிழைத்தார். தரையில் தட்டின் முன் அமர்ந்திருந்தவர்கள் பிழைக்கவில்லை. போக்குவரத்து நெரிசலில் மாட்டி, விமானத்தைத் தவறவிட்ட ஒரு பெண்மணி மனம் நொந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, அத்தாமதமே தன்னைக் காத்தது என்ற செய்தியைக் கேட்டார்.

சூரத்து லுக்மானின் கடைசி ஆயத்து, அல்லாஹ்விடம் மட்டுமே உள்ள ஐந்து அறிவுகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று, எந்த ஆத்மாவும் தான் எந்தப் பூமியில் இறக்கும் என்பதை அறியாது என்பது. நேரம் மட்டுமல்ல, இடமும் நமக்கு மறைக்கப்பட்டுள்ளது. உறுதியான உயர் கோட்டைகளுக்குள் இருப்பினும் மவுத் வந்தடையும் என்று சூரத்துன்னிஸாவில் எச்சரிக்கப்படுகிறோம். எத்தனையோ போர்க்களம் கண்ட காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் படுக்கையில்தான் வஃபாத்தானார்கள் என்பதை நம் பிள்ளைகளும் அறிவார்கள்.

அப்படியானால் எச்சரிக்கை எதற்கு?

“எல்லாம் எழுதியபடி நடக்கும், நாம் என்ன செய்ய?” என்று சிலர் கையை விரித்துவிடுகிறார்கள். இது தவக்குல் அல்ல. சோம்பலுக்குத் தவக்குல் என்று பெயர் சூட்டுவதாகும்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிச் சென்றபோது, ஸர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி வந்தது. முஹாஜிரீன்களையும் அன்ஸாரிகளையும் குறைஷி முதியோர்களையும் அழைத்து ஆலோசித்தபின், திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய மற்றொரு கத்ரின் பக்கமே நாம் போகிறோம் என்று பதிலளித்த உமர் (ரலி) அவர்கள் ஓர் உவமை சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கில் இரு சரிவுகள். ஒன்று பசுமையானது, மற்றது வறண்டது. பசுமையானதில் ஒட்டகத்தை மேய்த்தாலும் கத்ருதான். வறண்டதில் மேய்த்தாலும் கத்ருதான். அதற்காக அறிவுள்ளவன் வறண்ட சரிவுக்கு ஓட்டிப் போவானா? பிறகு அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, கொள்ளை நோயுள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், அங்கிருப்பவர் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்ற நாயக வாக்கை அறிவித்தபோது, தமது முடிவு அதற்கு ஒத்திருந்தமைக்காகக் கலீபா அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

மலைச் சரிவில் பிழைக்கும் நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. இதன் முடிவையும் சேர்த்து நினைக்க வேண்டும். அபூ உபைதா (ரலி) அவர்கள் அந்தக் கொள்ளை நோயிலேயே வஃபாத்தானார்கள். அதைத் தவிர்த்துத் திரும்பிய உமர் (ரலி) அவர்களோ சில ஆண்டுகளுக்குப் பின், மதீனாவில், நபியவர்களின் பள்ளிவாசலில், சுபுஹுத் தொழுகை நடத்தும்போது குத்தப்பட்டு ஷஹீதானார்கள். எச்சரிக்கை நம் கடமை. தவணை அல்லாஹ்வின் கையில். இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பலாகாது.

ஆகவே தீப்பருவத்தில் வனத்துறை பாதையை மூடினால் அதற்குக் கட்டுப்படுவது மார்க்கத்துக்கும் உகந்ததே. அனுமதியின்றிக் குறுக்குப் பாதையில் ஏறுவதும், அணைக்காத பீடித் துண்டைச் சருகில் எறிவதும், ஜீப்பில் ஏற்றத்தகாத அளவு ஆட்களை ஏற்றுவதும் தவக்குல் ஆகா. மதீனாவில் ஒரு வீடு இரவில் அதிலிருந்தோருடன் எரிந்துபோனபோது, நெருப்பு உங்கள் பகை, உறங்குமுன் அணைத்துவிடுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக புகாரியில் வந்துள்ளது. கேஸ் அடுப்பை மூடிவிட்டோமா என்று இரவில் எழுந்து பார்க்கும் இல்லத்தரசி ஒரு சுன்னத்தைப் பேணுகிறாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் இரவெல்லாம் அடுப்பு எரிகிறது. அங்கே விழித்திருக்க ஓர் ஆளை நியமிப்பது முதலாளியின் பொறுப்பு.

இறந்தோரைப் பற்றி நம் நாவு

துயரச் செய்தி வந்தவுடன் சிலருக்குத் தீர்ப்பளிக்கும் ஆசை வந்துவிடுகிறது. “பெண்களுக்கு மலையேற்றம் எதற்கு?” என்றார்கள். “இது இறைவனின் தண்டனை” என்றும் சொன்னார்கள். இது பெரும் துணிச்சல். நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் வஃபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. மக்கள் அவ்விரண்டையும் முடிச்சுப் போட்டனர். மகனை இழந்த அந்நேரத்திலும் நாயகம் (ஸல்) அவர்கள், சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்திற்காகவும் கிரகணம் அடைவதில்லை என்று தெளிவுபடுத்தி, மக்களைத் தொழுகையின் பக்கமும் துஆவின் பக்கமும் திருப்பினார்கள். வஹீ வந்துகொண்டிருந்த காலத்திலேயே இந்நிலை என்றால், ஒரு தீயைப் பார்த்து, ஒரு நிலச்சரிவைப் பார்த்து, அல்லாஹ்வின் நோக்கத்தை அறிவிக்க நாம் யார்?

இறந்தோரை ஏசுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர்கள் முற்படுத்தியதை அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

“அவர்கள் நம்மவர்களா?” என்ற கேள்வியும் எழலாம். ஒருமுறை ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அது யூதருடையது ஆயிற்றே என்று தோழர்கள் கூறியபோது, அதுவும் ஓர் உயிரல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள். இதற்குமேல் நமக்கு விளக்கம் தேவையில்லை. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தபின், அடையாளம் காண முடியாத உடல்களைப் புத்துமலையில் எண்ணிட்டு அடக்கம் செய்தனர். எந்த மதத்தவர் என்று தெரியாததால் எல்லாச் சமயத்தாரும் நின்று பிரார்த்தித்தனர். மனிதன் பெயரையும் ஊரையும் இழந்து ஓர் எண்ணாகப் போகும்போது, அவன் ஓர் உயிர் என்பது மட்டுமே மிஞ்சுகிறது.

முஃமின்களில் இப்படி இறந்தோரின் குடும்பத்தாருக்கு ஹதீஸில் பேராறுதல் உண்டு. அல்லாஹ்வின் பாதையில் கொல்லப்படுவோர் அல்லாமல் வேறு எழுவரையும் ஷஹீத்கள் என நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணினார்கள். கொள்ளை நோயில் இறப்பவர், நீரில் மூழ்குபவர், விலாப்புற நோயால் இறப்பவர், வயிற்று நோயால் இறப்பவர், தீயில் எரிபவர், இடிபாட்டில் சிக்குபவர், கர்ப்பத்தில் அல்லது பிரசவத்தில் இறக்கும் பெண் ஆகியோர் அவர்கள். இவர்கள் ஆகிரத்தின் கூலியில் ஷஹீத்கள். உலகச் சட்டத்தில் இவர்களுக்குக் குளிப்பாட்டு, கபன், தொழுகை எல்லாம் உண்டு. எரிந்த உடலைத் தேய்த்துக் கழுவ முடியாவிடில் நீரை மட்டும் ஊற்றினால் போதும். நீர் பட்டாலே சிதையும் என்றால் தயம்மும் செய்விக்க வேண்டும். மய்யித்தின் கண்ணியம் உயிருள்ளவரின் கண்ணியம் போன்றதே. எனவே எரிந்த உடல்களைப் படமெடுத்துக் கைபேசியில் ஊரெங்கும் அனுப்புவது எவ்வளவு கொடிது என்பதை நம் இளைஞர்கள் உணர வேண்டும்.

இன்றிரவே செய்ய வேண்டியவை

மவுத்தை அதிகம் நினையுங்கள் என்பது நபிமொழி. நினைப்பது என்றால் பெருமூச்சு விடுவதா? இல்லை. திடீரென்று அழைப்பு வந்தால் பிறருக்கு நம்மால் நேரும் சிரமம் என்ன என்று கணக்கெடுப்பதே உண்மையான நினைப்பு.

நம் பகுதியில் பலமுறை பார்த்திருக்கும் காட்சி இது. ஏலக்காய் வியாபாரம் நாணயத்தில் நடப்பது. பலரிடம் காய் வாங்கியிருப்பார்; பலருக்குக் கடனாகக் கொடுத்திருப்பார். கணக்கு அவர் தலைக்குள் இருக்கும். ஒருநாள் மெட்டுப் பாதையில் வண்டி கவிழ்கிறது. இத்தாவில் இருக்கும் மனைவியிடம், கதவுக்கு வெளியே நின்று ஒருவர் இவ்வளவு வரவேண்டும் என்கிறார். அது உண்மையா என்று அவளுக்குத் தெரியாது. தர வேண்டியவர்களோ வாய் திறப்பதில்லை. மகன் படிப்பை நிறுத்துகிறான். அண்ணன் தம்பிகள் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். இத்தனை துன்பத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டு தடுத்திருக்கும்!

ஆகவே ஒவ்வொரு குடும்பத் தலைவரும், தலைவியும் கீழ்க்கண்டவற்றைத் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டுகிறோம்.

1. கடன்: குர்ஆனின் மிக நீண்ட ஆயத்து, சூரத்துல் பகராவின் 282ஆம் ஆயத்து, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கடனை அடைக்கும்வரை முஃமினின் ஆத்மா அதனோடு தொங்கிக்கொண்டிருக்கும் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. கடனோடு இறந்த ஒருவருக்குத் தாமே தொழவைக்க நாயகம் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பிறகே தொழவைத்தார்கள். கொடுக்க வேண்டியது, வரவேண்டியது, கைமாற்று, அடகு நகை, சீட்டுப் பணம், மனைவிக்குத் தராமல் நிற்கும் மஹர் ஆகிய அனைத்தையும் பெயர், தொகை, தேதியுடன் எழுதுங்கள். வேலையாட்களின் கூலி பாக்கியை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

2. அமானிதம்: ஹிஜ்ரத் இரவில், கொலைகாரர்கள் வீட்டைச் சூழ்ந்திருந்த வேளையிலும், மக்காவாசிகள் ஒப்படைத்திருந்த பொருட்களைத் திருப்பித் தர அலீ (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் நிறுத்திச் சென்றார்கள். உரியவர்களோ பகைவர் கூட்டத்தினர். நம் பெட்டியில் இருப்பதில் எது நம்முடையது, எது பிறருடையது என்று வீட்டாருக்குத் தெரியுமா? ஜமாஅத் பணமோ மதரஸா பணமோ கையிலிருந்தால், அது தனிப் பையில் சீட்டுடன் இருக்கட்டும்.

3. வஸிய்யத்: வஸிய்யத் செய்யத்தக்கது எதுவும் உள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் கூடாது. அதுவும் அதிகமே என்று ஸஃது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. விடுபட்ட ஜகாத், நோன்பு, கடமையாகியும் போகாத ஹஜ் ஆகியவற்றை மறைக்காமல் குறிப்பிடுங்கள். நிறைவேற்றும் முறையை ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. வரிசை: ஒருவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து முதலில் அடக்கச் செலவு, அடுத்து கடன், அடுத்து வஸிய்யத், அதன்பின் வாரிசுப் பங்கு. சூரத்துன்னிஸாவின் ஆயத்தில் வஸிய்யத் முதலில் கூறப்பட்டிருப்பினும், கடனையே முற்படுத்தி நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பெண்மக்களின் பங்கை “சீர் செய்துவிட்டோமே” என்று விழுங்குவது இந்த வரிசையில் எங்கும் இல்லை.

5. மன்னிப்பு: பேச்சு நின்றுபோன உறவு ஒன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. மய்யித்தின் கால்மாட்டில் நின்று “மன்னித்துவிடு” என்று அழுவதால் பயன் என்ன? காது கேட்கும்போது சொல்லுங்கள்.

துக்க வீட்டின் அடுப்பு

முஅத்தா போரில் ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களை வேறு கவலை சூழ்ந்துவிட்டது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். துக்க வீட்டில் சென்று உண்பதல்ல, துக்க வீட்டுக்குக் கொண்டுசென்று கொடுப்பதே அன்னாரின் வழி. மூன்று நாட்களில் கூட்டம் கலைந்துவிடும். நாற்பதாம் நாளிலும் நான்காம் மாதத்திலும் அவ்வீட்டுப் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தைக் கேட்பவர் யார்? பெரும் விபத்துகளில் அரசு நிவாரணம் அறிவிக்கிறது. ஒற்றை விபத்தில் இறந்த தோட்டத் தொழிலாளியின் வீட்டுக்கு அறிவிப்பு எதுவும் வராது. அங்கே போக வேண்டியவர்கள் ஜமாஅத்தார்தாம்.

சோர்வு நம் மார்க்கமல்ல

மவுத்தை நினைப்பதால் வாழ்க்கை கசந்துபோகும் என்று எண்ண வேண்டாம். துன்பத்தினால் மவுத்தை விரும்புவதையே நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். வாழ்வு நமக்கு நன்மையாக இருக்கும்வரை வாழச்செய் என்று கேட்பதற்கே கற்றுக்கொடுத்தார்கள். கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத்தே வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடுங்கள் என்றும் கூறினார்கள்.

ஏலத்தின் பூ ஒருநாள் பூ. காலையில் விரிந்தது மாலைக்கு மேல் நிற்பதில்லை. அதே ஏலத்தின் கன்றை நடுபவர் காய்க்காக இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தோட்டக்காரர் இரண்டையும் அறிந்துதான் நடுகிறார். முஃமினின் நிலையும் இதுவே. இன்று மாலை இல்லாமற்போகலாம் என்று அறிந்து கணக்கை முடித்து வைக்கிறான். நாளைக்கு இருப்பவர் உண்ணட்டும் என்று கன்றையும் நடுகிறான்.

இஷா தொழுது உறங்கப்போகுமுன், வீட்டிலுள்ளோரை அருகழைத்து அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். அடுப்பை அணையுங்கள். யாரிடமாவது மனத்தாங்கல் இருந்தால் மன்னித்துவிட்டுப் படுங்கள். விழித்தால் அல்ஹம்துலில்லாஹ், விழிக்காவிடில், நம்மால் ஒருவரும் அலைக்கழியாத நிலையில் நம் ரப்பிடம் சேர்ந்திருப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் மலைகளிலும் சாலைகளிலும் வீடுகளிலும் எங்களையும் எங்கள் அண்டை அயலாரையும் காத்தருள்வாயாக! கடனில்லாதவர்களாக, எவருடைய உரிமையும் எங்கள் கழுத்தில் இல்லாதவர்களாக, கலிமாவுடன் எங்களைக் கைப்பற்றிக்கொள்வாயாக! ஆமீன்.